ஒன்பது நிமிட முகமூடி

மல்யுத்த வீரனாக நான் வேலை பார்த்தது மொத்தம் ஒன்பது நிமிடம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். தேயிலைப் பெட்டி சுமந்து முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். இதை அவர்கள் மாற்றிச் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாட்டுக்கே மல்யுத்தப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. கப்பலில் பயில்வான்கள் வந்து இறங்கினார்கள், கொழும்பில் கொட்டகை போட்டு மோதினார்கள். ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு தேசத்தின் சிங்கமாகவோ புலியாகவோ இருந்தார்கள். பத்திரிகையில் வந்த அவர்களின் படங்களை வெட்டி, ஹட்டன் பஜாரில் இருந்த சலூன்காரர் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதே பேச்சுதான். எந்தப் பயில்வான் எந்தப் பயில்வானை வீழ்த்துவான் என்று வாக்குவாதம் முற்றி, ஒருமுறை ஒருவருக்குப் பல் போயிற்று. எங்களில் ஒருவர்கூட அதுவரை மல்யுத்தம் பார்த்ததில்லை. பல் போனதுதான் நாங்கள் பார்த்த முதல் மல்யுத்தம்.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் இருந்தது. எனக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை. தேயிலை அடைத்த பலகைப் பெட்டிகளை லொறியில் ஏற்றுவதும், ஹட்டன் ரயில்வே சாமான் கொட்டகையில் கொண்டுபோய் இறக்குவதும்தான் என் தொழில். ஒரு பெட்டி நூறு ராத்தலுக்குக் குறையாது. தலைத்துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி அதன்மேல் பெட்டியை வைத்துக்கொள்வோம்.

அந்தத் துண்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தொரை வந்தால், அதாவது தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரர் எதிரே வந்தால், பாதையை விட்டு ஒதுங்கி ஓரத்துக் கானில், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், இறங்கி நின்று துண்டை எடுத்துவிட வேண்டும். தலையில் பெட்டி இருந்தாலும் எடுக்க வேண்டியதுதான். இடது கையால் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துண்டை உருவி, பெட்டியை வெறுந்தலையில் இறக்கிக்கொண்டு, துண்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து நிற்க வேண்டும். பழகிவிட்டால் கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். புதிதாக வந்தவர்கள் பெட்டியைக் கீழே போடுவார்கள். நான் ஒருநாளும் போட்டதில்லை. இப்படிச் செய்யும்படி எங்கள் தொரை யாரிடமும் சொன்னதாக எனக்குத் தெரியாது. கங்காணியும் சொன்னதில்லை. எப்போது கற்றுக்கொண்டேன் என்று யோசித்தால் நினைவில்லை. நடக்கக் கற்றுக்கொண்டதும் நினைவில்லை.

ஒரு புதன்கிழமை சாமான் கொட்டகையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். கோட்டுப் போட்டு, கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றிய ஒருவர் நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டே வந்தார்.

“ஏம்ப்பா, ரெண்டு பெட்டிய ஒண்ணா தூக்குறியே, எதுக்கு?”

“ரெண்டு நடை நடக்கச் சோம்பலுங்க.”

அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். மாடு வாங்குபவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பல்லைக் காட்டச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் ஒரு மல்யுத்தக் கோஷ்டியின் மேனேஜர். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் அவர்களுடைய ஆட்டம். கோஷ்டியில் ஆறு பேர். அதில் முகமூடி போட்டு மோதுகிறவர், மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் நெஞ்சில் சளி கட்டி, போர்வைக்குள்ளிருந்து எழமாட்டேன் என்று படுத்துவிட்டார். நோட்டீஸ் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. ஆகவே, அந்தப் போர்வைக்குள் இருப்பவரின் உயரமும் அகலமும் உள்ள ஓர் ஆள் தேவை. முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

“உனக்கு விழத் தெரியுமா?” என்று கேட்டார்.

“இதுவரைக்கும் விழுந்ததில்லீங்க.”

“அப்ப அதைக் கத்துக்கணும்.”

ஒரு நோட்டீசை என் கையில் கொடுத்தார். கறுப்பு முகமூடி போட்ட படம். அதன் கீழே, ‘இவன் முகத்தைக் கண்டவர் இல்லை! எந்த நாட்டான் என்று எவருக்கும் தெரியாது!’ என்று போட்டிருந்தது. பிரஜாவுரிமைக்கு நான் போட்ட மனுவுக்குக் அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த பதிலும் ஏறக்குறைய இதையே சொன்னது. படித்தவுடனேயே வேலை எனக்குப் பொருந்தும் என்று பட்டது.

அவருடைய ஏற்பாடு இதுதான். ஞாயிறு ஆட்டத்தில் முகமூடி ஜெயிக்க வேண்டும். அடுத்துப் பதுளையிலும் கண்டியிலும் ஜெயிக்க வேண்டும். கடைசியில் கொழும்பில் தோற்று, ஆயிரக்கணக்கான பேர் முன்னால் முகமூடி கழற்றப்பட வேண்டும். ஞாயிறு ஒழுங்காக நடந்தால் நானே முகமூடி, கொழும்பு வரைக்கும். அதற்கப்புறமும் கோஷ்டியில் வைத்துக்கொள்வார். “பொண்டாட்டி இருந்தா கூட்டிக்கிட்டு வா. உடுப்புத் தைக்க ஒரு ஆள் வேணும்,” என்றார். யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவைத்திருந்தது எனக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்து, இதையெல்லாம் மெதுவாகத்தான் சொன்னார். தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

என் மனைவி வட்டவளையில் பிறந்தவள். அவள் கொழுந்து பறித்த மலைக்குக் கீழேதான் ரயில் பாதை. கொழும்புக்குப் போகும் ரயிலையும் பதுளைக்குப் போகும் ரயிலையும் தினமும் பார்த்து வளர்ந்தவள். ஏறியது ஒரே ஒரு தடவை, கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்தபோது. ஏறி உட்கார்ந்து பொங்கல் சாமான் பையை மடியில் சரியாக வைப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

“மொகமூடி போட்டுக்கிட்டு அடி வாங்கப் போறீங்க.”

“அடி வாங்கல. ஜெயிக்கப் போறேன்.”

“அது எப்படி இப்பவே தெரியும்?”

சொன்னேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நல்ல வேலதாங்க. ரயில்லயா போவாங்க?”

“ரயில்லதான். பதுளை, கண்டி, கொழும்பு.”

“ஒண்ணு மட்டும் சொல்றேன். போறதுன்னா பேர வெட்டச் சொல்லிட்டுப் போவோம். திரும்பி வந்துக்கலாம்னு ஒரு கால இங்க வச்சிட்டுப் போக வேணாங்க.”

பேரை வெட்டுவது என்றால் தோட்டத்துச் செக்ரோலில் இருந்து பெயரை நீக்குவது. பெயர் போனால் லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பிராவும் போய்விடும். திரும்பி வந்து நிற்க இடமிருக்காது. எனக்குத் தயக்கமாக இருந்தது. அவளுக்கு இல்லை. ஞாயிறு ஆட்டம் சரியாக முடிந்தால் மாலை ரயிலில் கோஷ்டியோடு பதுளைக்குப் போய்விடுவது, பேரை வெட்டச் சொல்லும் கடிதத்தைத் திங்கட்கிழமை அவள் தம்பி ஆபீசில் கொடுத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். கடிதத்தையும் அவளே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விஷயத்தைச் சொல்லாமல், ஒட்டித் தம்பியிடம் கொடுத்துவைத்தாள். வியாழக்கிழமை காலையில் கங்காணியிடம் போய், வயிற்றுவலி, மூன்று நாளைக்கு எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன்.

பஜாருக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஒரு ஸ்டோரில், வைக்கோல் அடைத்த சாக்குகளைப் பரப்பிப் பயிற்சி நடந்தது. எனக்கு எதிராளி ஒரு வடநாட்டுப் பயில்வான். நோட்டீசில் வயது இருபத்தெட்டு. நேரில் ஐம்பது இருக்கும். இடது முழங்காலில் எப்போதும் துணி சுற்றியிருப்பார். பல வருடம் ஊர் ஊராகச் சுற்றியதில் எல்லாப் பாஷையிலும் கொஞ்சம் பேசுவார். என்னை முதலில் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கீழே போடச் சொன்னார். வைத்தேன்.

“போடு சொன்னா வைக்கிற,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அது நல்லது. நாளைக்கும் வேல இருக்கு,” என்றார்.

அந்தத் தொழிலின் ரகசியம் முழுவதும் அதுதான். ஆள் உடையாமல் இறக்கிவைக்க வேண்டும். சத்தம் மட்டும் உடைந்த மாதிரி கேட்க வேண்டும். பெட்டி சுமக்கிறவனுக்கு இதில் பாதி முன்னமே தெரியும். விழுவதற்கும் இரண்டாம் நாளே பழகிவிட்டேன். உறுமுவதுதான் வரவில்லை. எவ்வளவோ முயன்றேன். என் தொண்டையிலிருந்து வந்தது உறுமலாக இல்லாமல், ‘கூப்பிட்டீங்களா?’ என்று கேட்பது மாதிரி இருந்தது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் முகமூடி ஊமை என்று தீர்மானித்தார். ஊமையென்றால் ஜனங்களுக்கு இன்னும் பயமாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முகமூடி கறுப்புத் துணியில் தைத்தது. பின்னால் நாடா போட்டு இறுக்க வேண்டும். முந்தைய ஆளின் வியர்வையும் வலித்தைலமும் வெற்றிலையும் கலந்து அதற்குள் ஒரு நாற்றம் இருந்தது. இறுக்கிக் கட்டினால் எனக்கு மூச்சு முட்டியது. ஆகவே நாடாவைத் தளர்த்திக் கட்டச் சொன்னேன். பயில்வானுக்கு அது பிடிக்கவில்லை. மேனேஜர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “உயிர் போனாலும் மொகமூடி போகக் கூடாது. யாரும் கழட்டிடாமப் பாத்துக்க.” யாரையும் கழற்ற விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். வேறு யாரும் கழற்றவில்லை.

முகமூடி கழன்றுவிடக் கூடாது என்பதில் எனக்கு மேனேஜரைவிட அக்கறை அதிகம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து ஆட்கள் லொறியில் வரப்போகிறார்கள். கங்காணி வருகிறார், பெரிய கிளாக்கர் வருகிறார். முன்வரிசையில் தொரைமார்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் தொரையும் வருவார் என்று கேள்வி. வயிற்றுவலியில் படுத்திருக்கிறவன் மேடையில் நின்று மோதுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு. பிந்தினால் பனி இறங்கி மேடையே தெரியாமல் போய்விடும் என்று அந்த நேரம் வைத்திருந்தார்கள். மைதானத்தின் நடுவில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை பரப்பி, நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தது. ஏறுவதற்கு முன் குனிந்து பார்த்தேன். வெறும் பெட்டிகள்தான், ஆனால் ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலிகள், அதற்குப் பின்னால் டவுன்காரர்களுக்கு பெஞ்சு, அதற்கும் பின்னால் தரையில் தோட்டத்து ஜனங்கள். எங்கள் ஆட்கள் ஒரு பக்கமாக மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். குளிருக்குத் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலை தின்றுகொண்டிருந்தார்கள். வாசல் பக்கத்தில் என் மனைவி தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எங்களுடைய உடுப்பு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கேட்டவர்களிடம் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் தொரையின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

நான் மேடையேறியதும் எங்கள் தோட்டத்து ஆட்கள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். என் சொந்த மச்சான், என் மனைவியின் தம்பி, மண்ணை அள்ளி எறிந்தான். எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக அதற்கு முன் நினைவில்லை. யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. நான் நிமிர்ந்து நடந்தேன். கயிற்றைப் பிடித்து உலுக்கினேன். பயில்வானைத் தூக்கிப் போட்டேன், வைக்கவில்லை, போட்டேன். அவர் கீழே கிடந்து, “சபாஷ், சபாஷ்,” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முனகினார். முகமூடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்படியே பதுளை, கண்டி, கொழும்பு என்று போய்க்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது.

எட்டு நிமிடம் ஆனதும் நான் பயில்வானின் தலையைக் கக்கத்தில் இடுக்கிப் பிடிக்க வேண்டும். மேனேஜர் கைகாட்டியதும் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, மிளகாய்த்தூளைக் கண்ணில் போடுவது போலப் போட வேண்டும். பொட்டலத்தில் ஒன்றும் இருக்காது. அவர் அலறிக்கொண்டு விழுவார், நான் ஜெயிப்பேன். தலையை இடுக்கிப் பிடித்துக்கொண்டு, மேனேஜரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது.

அந்த ஜீப்பின் சத்தம் எங்களுக்குத் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே தெரியும். வாசலில் நின்றது. எங்கள் தொரை தொப்பியும் கைத்தடியுமாக உள்ளே வந்தார். கூடவே தொரைசாணி, பின்னால் நாய்.

இதை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை. கை செய்தது. இடது கை பயில்வானின் தலையை விட்டது. வலது கை உச்சிக்குப் போய், முகமூடியைக் கொத்தாகப் பிடித்து மேலே உருவியது. இடது காதோரம் தையல் கிழிகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கால்கள் தானாக மேடையின் ஓரத்துக்குப் போய்க் கயிற்றோடு ஒண்டிக்கொண்டன. கான் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன். முகமூடியை வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பயில்வான் இன்னும் குனிந்தபடியே, காற்றில் என் கையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“அரே, பிடி! விடாத, பிடி!” என்றார்.

முகத்தில் குளிர்காற்று பட்ட பிறகுதான் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஆட்கள் சிரிக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் தலையும் வெறுமையாக இருந்தது. துண்டுகள் வயிற்றோடு சேர்த்த கைகளில் இருந்தன. மண் எறிந்த மச்சானும் அப்படித்தான் நின்றான். கங்காணியும் அப்படித்தான் நின்றார். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர்கள் தலைகளைப் பார்த்தேன். மேடை உயரத்திலிருந்து பார்த்தால் அந்தக் காட்சி நன்றாகத் தெரியும். என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. எனக்காக மட்டும் இல்லை.

சிரிப்பு டவுன்காரர்களின் பெஞ்சிலிருந்து தொடங்கியது.

தொரை தன் நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். நாயை உட்காரவைத்தார். பைப் பற்றவைத்தார். பிறகு மேடையைப் பார்த்தார். ஒருவன் குனிந்து நிற்கிறான், ஒருவன் ஓரமாக நிற்கிறான். பக்கத்தில் இருந்த பெரிய கிளாக்கரிடம் ஏதோ கேட்டார். கிளாக்கர் குனிந்து பதில் சொன்னார். இடைவேளையா என்று தொரை கேட்டதாகவும், ஆமாம் என்று தான் சொன்னதாகவும் கிளாக்கர் பின்னால் பெக்டரியில் சொன்னார். பதினோரு வருடம் அந்தத் தொரையின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன்.

மேனேஜர் மணியடித்து ஆட்டத்தை நிறுத்தினார். அவர் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம். திரைக்குப் பின்னால் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகமூடியை வாங்கிக் கிழிந்த இடத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“மொகமூடியோடவே கும்பிட்டிருக்கலாமேய்யா. யாரு வேணாம்னா?” என்றார்.



“பதுளையில இருந்து சரியாச் செஞ்சிடுறேங்க,” என்று சொன்னேன்.

“நல்ல ஆளுதான் நீ. ஒன்னயக் குத்தம் சொல்லல. ஆனா எல்லா ஊர்லயும் மொத வரிசையில ஒரு தொரை உக்காந்திருப்பாரே, என்ன பண்றது?”

அவர் சொன்னது நியாயம். பயில்வான் முழங்கால் துணியை அவிழ்த்துவிட்டு என் தோளில் தட்டினார். “நல்லா வச்ச,” என்றார். எதைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

வாசலில் என் மனைவி பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பெட்டியைத் தூக்கட்டுமா என்று கேட்டேன்.

“அவரு பாக்கவே இல்லீங்க,” என்றாள். “நீங்க கழட்டினப்ப அவரு நாற்காலியத் தேடிக்கிட்டு இருந்தாரு.”

நான் அங்கேயே நின்று அழுதேன். அவள் அழவில்லை. ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது. அது போகும் வரைக்கும் அவள் பெட்டியை விட்டு எழவில்லை. பிறகு இருவரும் தோட்டத்து லொறியில் ஏறித் திரும்பினோம். லொறியில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்து பெட்டிக்கு இடம் கொடுத்தார்கள். மச்சான் இறங்கும்போது கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை வாங்கி, காம்பிராவுக்கு வந்ததும் அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் காலை, ஆட்களை எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டில் கங்காணி என்னைப் பார்த்தார்.

“வயித்துவலி எப்படிடா இருக்கு?”

“கொறஞ்சிருச்சுங்க.”

“கொறஞ்சா சரி,” என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருடைய துண்டைப் பற்றியும் பேசவேண்டி வந்திருக்கும்.

சில மாதம் கழித்துச் சலூனில் ஒரு புதுப் படம் ஒட்டியிருந்தது. கொழும்பில் முகமூடி. நெஞ்சுச் சளியிலிருந்து எழுந்தவனா, வழியில் பிடித்த வேறு யாராவதா என்று தெரியாது. கூட்டம் அலைமோதியதாகப் போட்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். இடது காதோரம், நான் கிழித்த இடத்தில், ஒரு கோணல் தையல். என் மனைவி இதைவிட நன்றாகத் தைப்பாள். சலூன்காரர் எனக்குப் பாதி முகம் சவரம் செய்துவிட்டு, பயில்வான்களின் வீரத்தைப் பற்றி எனக்கு விளக்கினார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன்.

நடக்காமல் போன அந்த வாழ்க்கையை அவ்வப்போது நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒன்றும் பிரமாதமாக இருந்திருக்காது. என் முழங்காலிலும் துணி சுற்றியிருக்கும். ஐம்பது வயதில் நோட்டீசில் இருபத்தெட்டு என்று போட்டிருப்பார்கள். என்றைக்காவது ஒருவன் என்னை வைக்காமல் போட்டிருப்பான், கழுத்து முறிந்திருக்கும். எனக்கு அந்த வருத்தம் அதிகமில்லை. அவள் ரயிலில் போயிருப்பாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் கறுப்புத் துணியை வைத்துத் தைத்துக்கொண்டு, ஹட்டனைத் தாண்டி, இறங்கச் சொல்ல ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்திருப்பாள். அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நான் தலையில் துண்டு கட்டுவதில்லை. எடுப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் கை சும்மா இருக்கும் என்பது என் யோசனை. சும்மாடு இல்லாமல் வெறுந்தலையில் பெட்டி சுமந்தேன். உச்சியில் முடி தேய்ந்து வழுக்கை விழுந்தது. பலம் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். கைக்கு மட்டும் இந்த யோசனை எட்டவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் அது வழக்கம் போல உச்சிக்குப் போகும், அங்கே எதுவும் இல்லை என்று தடவிப் பார்த்துவிட்டு இறங்கும். வருடக்கணக்காக இப்படியே நடந்தது.

பிறகு தொரை வேலையை விட்டுத் தன் தேசத்துக்குப் புறப்பட்டார். அன்றைக்கு ஜீப் கடைசியாகப் பெக்டரிப் பாதையில் வந்தது. நானும் என் மனைவியும் கானில் இறங்கி நின்றோம். என் கை உச்சிக்குப் போனது. ஜீப் எங்களைக் கடக்கும்போது தொரை திரும்பினார். என்னை நேராகப் பார்த்தார். நான் கையைத் தூக்கி விடைகொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, முகம் மலர்ந்து அவரும் கையை ஆட்டினார்.

ஜீப் வளைவில் மறைந்தது. என் மனைவி கூடையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இந்த வாட்டி பாத்துட்டாருங்க,” என்றாள்.

ஆமாம் என்றேன். கை இன்னும் தலையில்தான் இருந்தது.